பாத்தியை வெட்டிய கம்பெனி

வெங்காய இனத்து லீக்கின் தண்டைக் கழுவும்போது தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்துகொண்டால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். இந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரிந்ததுதான். ஆனாலும் எதையும் ஒரு நல்ல விஷயத்திலிருந்து ஆரம்பிப்பது என் பழக்கம்.

தலைவர் ஹெட்லி அவர்களே, நெதர்பர்ன் லீக் வளர்ப்போர் சங்கத்தின் கமிட்டியாரே, நடந்ததை என் வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். சொல்கிறேன். டீக்கு நன்றி. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, பிறகு யோசித்துப் பார்த்துத் திரும்ப இழுத்துக்கொண்டதையும் கவனித்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

என் தொழில் உங்களில் பலருக்குப் புரிவதில்லை. நியூகாசிலில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதித்துக் கொடுக்கிறேன். அதாவது மற்றவர்கள் கட்டியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். அடைப்பது என் வேலை அல்ல. நான் வங்கியின் ஊழியனும் அல்ல, ஒப்பந்தக்காரன். எங்களைப் போன்றவர்கள் ஆளுக்கொரு லிமிடெட் கம்பெனி வைத்திருப்போம். வங்கி கம்பெனிக்குப் பணம் கொடுக்கும். கம்பெனி பார்த்து எனக்கு ஏதாவது கொடுக்கும். என் பெயர் எட்வின் தேர்ல்வெல். கம்பெனியின் பெயர் எட்வின் தேர்ல்வெல் லிமிடெட். பெயர் வைத்த அன்று எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

சட்டத்தின் கண்ணில் நான் ஓர் ஆள், கம்பெனி இன்னோர் ஆள். அவனுக்குத் தனிக் கணக்கு, தனி வரி, தனி விலாசம். விலாசம் மட்டும் எங்கள் வீட்டுடையது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டீர்கள் என்றால் மீதி எல்லாம் நியாயமாகவே தெரியும்.

கம்பெனியில் பாதிப் பங்கு என் மனைவி ஐலீனுக்கு. ஒப்பந்தக்காரர் வீடுகளில் அதுதான் வழக்கம். அவளும் ஒரு இயக்குநர். ஆண்டுக்கு ஒருமுறை, தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடும் இடைவெளியில், கையெழுத்துப் போடுவாள்.

லீக் உரம் எனக்குப் பல நாள் ஆசை. கடற்பாசி, கருப்பு பீர், வெல்லப்பாகு, புறா எச்சம், இன்னும் நான் சொல்ல விரும்பாத ஒன்று. அதைப் புட்டியில் அடைத்து, என் படம் போட்டு, 'தேர்ல்வெல் திரவம்' என்று வட இங்கிலாந்து முழுவதும் விற்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கான பணம் என்னிடம் இல்லை. கம்பெனியிடம் இருந்தது. ஜனவரியில் கட்ட வேண்டிய வரிக்கும், ஒப்பந்தம் இல்லாத மாதங்களுக்கும் என்று ஒதுக்கி வைத்த பணம். பார்த்தால் சும்மா கிடப்பது மாதிரியே இருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நான் விழவில்லை. முறைப்படி கணக்காளருக்கு போன் செய்தேன்.

ஜெம்மா ஹெஸ்லப் என்று ஒரு பெண். பொறுமைசாலி.

"மிஸ்டர் தேர்ல்வெல், உங்க கம்பெனி மென்பொருள் சோதிக்கறதுக்கு. உரம் விக்கறதுக்கு இல்ல."

"பணம் சும்மாத்தானே கிடக்கு, ஜெம்மா?"

"சும்மா ஒண்ணும் கிடக்கல. வரிக்காகக் காத்துட்டிருக்கு. அதுல ஒரு பங்கு உங்களுதே இல்ல."

"அப்ப ஆசைய விட்டுடவா?"

"விட்டுட்டா நல்லது. விடவே முடியாதுன்னா தனியா இன்னொரு கம்பெனி ஆரம்பிங்க. பழைய கம்பெனி புதுசுக்குக் கடன் குடுக்கட்டும். ரெண்டு தரப்பும் முறையா பேசி, நிபந்தனையெல்லாம் வச்சு. புறா எச்சத்துல ஏதாவது வம்பு வந்தா புதுசோட நின்னுடும், பழசு மேல ஒட்டாது."

நல்ல ஆலோசனை. ஜெம்மாவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டு தரப்பும் முறையாகப் பேச வேண்டும் என்று அவள் சொன்னதை நான் கொஞ்சம் ஆழமாக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் கூட்டம் நடந்தது. ஜன்னல் பக்க நாற்காலி பழைய கம்பெனிக்கு. கதவுப் பக்க நாற்காலி புதிய கம்பெனிக்கு. நான் கதவுப் பக்கம் உட்கார்ந்து கடன் கேட்டேன். எழுந்து போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, டையை இறுக்கிக்கொண்டு, யோசித்தேன். அங்கிருந்து பார்க்கும்போது புதியவனின் திட்டம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சில கேள்விகள் கேட்டேன். திரும்ப இந்தப் பக்கம் வந்தபோது அந்தக் கேள்விகள் எனக்கு மனவருத்தமாக இருந்தன. தனக்கு முன்பின் தெரியாதவனிடம் பேசுவது போலப் பழையவன் பேசினான்.

ஐலீன் உள்ளே வந்தாள்.

"யாரோட பேசிட்டிருக்க?"

"பெரியவன் ஒத்துக்க மாட்டேங்கறான்."

"எந்தப் பெரியவன்?"

"பழைய கம்பெனி. சின்னவன் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டான்."

அவள் இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. பெரியவனையும் சின்னவனையும் மேசைய காலி பண்ணச் சொல்லு. சாப்பாடு வைக்கணும்."

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவன் இறங்கி வந்தான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான். இந்த செப்டம்பர் கண்காட்சியில் நமது சங்கத்தின் முதல் பரிசைத் திரவம் ஊற்றி வளர்த்த என் லீக் வாங்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கடன் முழுவதும் அந்த வாரமே திரும்பி வர வேண்டும். சின்னவனிடம் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கும்? ஒரு பழைய வேனும் என் முகம் ஒட்டிய புட்டிகளும்தான். வரிப் பணம் போனால் அடுத்தது வீடுதான். எனக்கு இந்த நிபந்தனை பிடிக்கவே இல்லை. அதை வைத்தவனே நான்தான் என்று ஐலீன் பிற்பாடு சொன்னாள். நான் நாற்காலி மாறி உட்கார்ந்ததை அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

இரண்டாவது இயக்குநரின் சம்மதமும் வேண்டுமே என்று, அன்று மாலை சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுப்பு எதுவும் வரவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லாரும் திரவம் வாங்கினீர்கள். தலைவர் ஹெட்லி அவர்கள் மூன்று புட்டி வாங்கினார். வின்னி டாட்ஸுக்கு மட்டும் ஒரு புட்டி இனாமாகக் கொடுத்தேன்.

வின்னியைப் பற்றி இந்த அறையில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறியவர். நம்மில் பாதிப் பேரின் தட்டில் அவர் கையால் குழம்பு விழுந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் அவர் மிஸஸ் டாட்ஸ்தான். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து வருஷா வருஷம் இரண்டாம் பரிசு. ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசு வாங்கியவருக்கு ஒரு கேக் சுட்டுக் கொடுப்பார்.

ஜூலை மாதம் வேலிப் பக்கம் நின்று கேட்டேன்.

"திரவம் எப்படி இருக்கு, மிஸஸ் டாட்ஸ்?"

"ஊத்தவே இல்ல, கண்ணு. சமையல்கட்டு ஜன்னல்ல வச்சிருக்கேன்."

"ஏன்?"

"உன் படம் போட்டிருக்கே. காலைல பாத்திரம் கழுவும்போது எதிர்ல சிரிச்சிட்டு நிக்கற. ஊத்தினா தீர்ந்து போயிடும், அப்புறம் புட்டியத் தூக்கிப் போடணும். மனசு வரல."

ஆகஸ்டில் உங்கள் பாத்திகள் மஞ்சளாகத் தொடங்கின. முதலில் இலை நுனி, பிறகு இலை, பிறகு தண்டு. தலைவர் ஹெட்லி அவர்கள் மழையைக் குறை சொன்னார். நானும் மழையைக் குறை சொன்னேன். மழை எதுவும் சொல்லவில்லை.

பச்சையாக நின்றவை இரண்டே பாத்திகள். ஒன்று என்னுடையது. மற்றது வின்னியுடையது. அவருடைய லீக்குகள் என் முன்கை கனம் இருந்தன. என்னுடையவை என் மணிக்கட்டுக் கனம்.

பெரியவன் அந்த வாரம் மிகவும் அமைதியாக இருந்தான். அது நல்ல அறிகுறி அல்ல.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் ஆலயத்தின் பின்சுவரை ஒட்டித்தான் நம் எல்லாருடைய தோட்டங்களும் இருக்கின்றன என்பதால், ஆராதனைக்குப் போன இடத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. நடந்தே போனதால் கம்பெனியிடம் பயணச் செலவு கேட்கவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்ததும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, இருமுகிறவன் போல வெளியே வந்தேன். ஐலீனின் ரொட்டிக் கத்தி என் கோட்டுக்குள் இருந்தது. சின்னவன் அதை அவளிடம் இரவல் வாங்கியிருந்தான். கேட்டு வாங்கினானா என்று எனக்குத் தெரியாது.

வெயில் நாள் என்பதால் ஆலயத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. வின்னியின் குரல் எப்போதும் மற்றவர்களைவிட அரை அடி முன்னால் போகும். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அவர் எந்தச் சரணத்தில் இருக்கிறார் என்பதை வைத்து, எனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரிந்துகொண்டேன். அவர் கர்த்தருடைய கிருபையைப் பாடிக்கொண்டிருந்தபோது முதல் வரிசையை முடித்தேன். கடைசிச் சரணத்தில், எப்போதும் போல, அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்போது கடைசித் தண்டு.

ஏன் எல்லாவற்றையும் வெட்டினாய் என்று தலைவர் கேட்டார். பரிசுக்கு ஜோடியாக வைக்கும் இரண்டு தண்டுகளை மட்டும் வெட்டினால் அது தனிப்பட்ட பகை போலத் தெரியும். எனக்கு வின்னியின் மேல் எந்தப் பகையும் இல்லை.

ஜெபம் தொடங்குமுன் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். வின்னி திரும்பிப் பார்த்து, இருமலுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தேன் கலந்தது. நன்றாக இருந்தது.

ஆராதனை முடிந்து அவர்தான் முதலில் பாத்தியைப் பார்த்தார். அழவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் துடைத்து, பாவாடையில் அடுக்கிக்கொண்டார். எல்லாரும் கூடிவிட்டோம். செய்தவனுக்காக யாராவது ஜெபம் பண்ணுங்கள் என்று போதகர் கேட்டார். பக்கத்தில் நின்றவன் நான். நான் பண்ணினேன். வழி தவறிய அந்த ஆத்துமாவுக்காக மிகவும் உருக்கமாக வேண்டிக்கொண்டேன். தலைவர் ஹெட்லி அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. நானும்தான் துடைத்துக்கொண்டேன். அது நடிப்பு அல்ல. சின்னவனை நினைத்து எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

திங்கட்கிழமை வின்னி சூப் வைத்தார். வெட்டின லீக் அத்தனையும் போட்டு, பெரிய பானையில். தெரு முழுவதும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். எங்கள் கதவையும் தட்டினார்.

"வீணாப் போகக்கூடாதுல்ல, கண்ணு. உனக்கு ஒண்ணு, ஐலீனுக்கு ஒண்ணு. இருமல் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல, மிஸஸ் டாட்ஸ்."

"மிளகு கூடப் போட்டிருக்கேன் உனக்கு."

"யாரு பண்ணியிருப்பா இந்த வேலைய?" என்று ஐலீன் கேட்டாள்.

"யாரோ, பாவம். அவனுக்கு என்ன கஷ்டமோ. சும்மா ஒருத்தன் ரொட்டிக் கத்தியத் தூக்கிட்டு ஞாயித்துக்கிழம கிளம்புவானா?" ரொட்டிக் கத்தி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெட்டு பல்லுப் பல்லா இருக்கே, கண்ணு. எத்தன வருஷம் ரொட்டி வெட்டினவ நான்." பிறகு சொன்னார்: "அவனுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன். தோட்டத்து வாசல் தூண்மேல. பேரு தெரியலியே, வேற எப்படிக் குடுக்கறது?"

போய்ப் பார்த்தேன். நீலக் கோடு போட்ட கிண்ணம், மேலே ஒரு தட்டு கவிழ்த்து. சிறிய அட்டையில் 'வெட்டினவருக்கு' என்று எழுதியிருந்தது. 'வெட்டினவனுக்கு' என்றுகூட எழுதவில்லை.

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. வெட்டியது சின்னவன். சூப் அவனுக்கு உரியது. ஆனால் கம்பெனிக்கு வாய் இல்லை. கம்பெனிக்கு வருவதை இயக்குநர்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். கடிதம் என்றால் நான் பிரித்துப் படிப்பேன். இது சூப். அங்கேயே நின்று குடித்தேன். ஏற்கெனவே வீட்டில் ஒரு கிண்ணம் குடித்திருந்தேன், ஆனால் இது என் கணக்கில் வராது.

கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை காலை அதைத் தூண்மேல் வைத்தபோது, கம்பெனியின் சார்பில், பக்கத்தில் ஒரு புட்டி திரவத்தையும் வைத்தேன்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வின்னி ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் புட்டியுமாக நின்றார். எனக்குப் பின்னால் ஐலீன் வந்து நின்றாள்.

"எட்வின், இது உன் மூஞ்சிதானே?"

"ஆமா."

"சிரிச்சிட்டிருக்கு."

"அது லேபிளுக்காக, மிஸஸ் டாட்ஸ்."

அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூப்ல உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

"ரெண்டாவது கிண்ணத்துலயும்?"

"அதுலயும்."

அவர் சிரித்தார். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு அல்ல, பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் முறை வரிசையில் வந்து நிற்கும்போது சிரித்த சிரிப்பு. அப்போது பெரியவன், சின்னவன், கடன், நிபந்தனை எல்லாவற்றையும் நான் விளக்கமாகச் சொன்னேன். அவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

ஐலீன் குறுக்கிட்டாள். "என் கத்தி. என் ரொட்டிக் கத்தி. அதுலதான் இன்னிக்குக் காலைல உனக்கு டோஸ்ட் வெட்டிப் போட்டேன்."

"கழுவிட்டுத்தான் வச்சேன், ஐலீன்."

"எங்க, அந்தப் பெரியவனக் கூப்பிடு. அவங்கிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு தடிப்பயலுங்கள வீட்ல வச்சுகிட்டு ஒருத்தனாவது ஒரு நாள் குப்பத் தொட்டிய வெளில வச்சிருக்கானா?"

"ஐலீன், இது சட்டப்படி..."

"சட்டமாவது மண்ணாவது. ரெண்டு கம்பெனிலயும் என் பேர எடுத்துடு. கல்யாணத்துல வேணா இருக்கேன். அதுவும் யோசிச்சுத்தான்."

வின்னி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "கண்ணு, நீ சனிக்கிழம உன் லீக்க காட்சிக்கு வை. நல்லா வந்திருக்கு. அது என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா அதுக்கு முன்னாடி என் பாத்திய ஒருதரம் கொத்திக் குடு. எனக்கு முதுகு முடியல."

கமிட்டியாரே, இதை எதிர்கொள்ள எனக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தயாராக வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை மண்வெட்டியோடு போனேன். அவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்க கொத்தறது யாரு? நீயா, கம்பெனியா?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

"நான்தான், மிஸஸ் டாட்ஸ்," என்றேன்.

"அப்ப டீ உனக்குத்தான்," என்று ஊற்றிக் கொடுத்தார்.

அந்த டீயைக் குடித்த பிறகுதான் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் லீக்குகள் ஏன் மஞ்சளாகவில்லை என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. நீங்கள் நல்லவர்கள். நான் சோதிப்பவன். விற்பதற்கு முந்தைய கோடையிலேயே திரவத்தை ஒரு மூலையில் நாலு செடிக்கு ஊற்றிப் பார்த்திருந்தேன். நாலும் மஞ்சளாகிச் செத்தன. ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும். அடைப்பது என் வேலை அல்ல என்று இருந்துவிட்டேன். என் பாத்திக்கு இந்த வருஷம் முழுவதும் வெறும் குதிரைச் சாணம்தான். எல்லாருடையதும் வாடி, என்னுடையது மட்டும் நின்றால், திரவம் ஜெயித்ததாகத்தானே பெரியவன் எடுத்துக்கொள்வான்? வின்னி புட்டியைத் திறந்திருந்தால் கத்திக்கு வேலையே இருந்திருக்காது. என் முகத்தைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராததால்தான் அவருடைய லீக்குகளை வெட்ட வேண்டியதாயிற்று.

தலைவர் அவர்களே, உங்கள் மூன்று புட்டிக்கும் பணத்தைத் திருப்பித் தருகிறேன். தயவுசெய்து உட்காருங்கள். முடிக்கப் போகிறேன்.

இன்று காலை என் லீக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கி, பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவாமல், மண்ணோடு வின்னியின் சமையலறையில் கொண்டுபோய் இறக்கினேன். சனிக்கிழமை காட்சி மேசையில் என் ஜோடி இருக்காது. வருகிறவர்களுக்கு சூப் இருக்கும். அதன் விளைவு என்னவென்று எனக்குத் தெரியும். நிபந்தனை தோற்றது. கடன் இந்த வாரமே திரும்ப வேண்டும், திரும்பாது. புட்டிகள் குப்பைக்குப் போகும், வேனை விற்றாக வேண்டும், வரிக்கு ஜெம்மாவிடம் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும், வீடு மிஞ்சினால் அதிர்ஷ்டம். ஐலீன் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் ஏதாவது ஒரு நாற்காலி மாறி உட்கார்ந்தால் காதைத் திருகுவதற்காக என்றாள். ஆனாலும் வருகிறாள்.

என்னை ஆயுள் முழுக்கச் சங்கத்தை விட்டு விலக்குங்கள். ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த வருஷம் நாற்று தருவதாக வின்னி சொன்னார். வளர்த்து வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்.

திரவத்தை விற்றது நான். பாத்தியை வெட்டியது நான். செய்தவனுக்காக ஜெபம் பண்ணியதும் நான். வேறு யாரும் இல்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அதற்குக் கீழே சேர்த்துக்கொண்டால் நல்லது. அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் தண்டின் முன்னால், நான் கத்தியை வைத்துக்கொண்டு நிறைய நேரம் தயங்கி நின்றேன். 'ம், வெட்டு' என்று அவசரப்படுத்தியது சின்னவன்.